எந்தப் படத்தைப் பார்த்து எடுப்பது? சுங்கை சிப்புட்டில் ஒரு பத்து நிமிடக் காதல் படம்

போன மாதம் ஒரு சனிக்கிழமை இரவு, மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் மாமாக் கடை (தமிழ் முஸ்லிம் உணவுக்கடை) ஒன்றில் நாலு பிள்ளைகள் என்னைப் பிடித்து உட்கார வைத்துவிட்டார்கள். மூன்று பேர் எங்கள் தாமானை (வீடமைப்புப் பகுதியை) சேர்ந்தவர்கள். ஒருத்தி இன்னும் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், பாட்டியோடு இருப்பவள். கல்லூரிப் பாடத்துக்காகப் பத்து நிமிடக் குறும்படம் ஒன்று எடுக்க வேண்டுமாம். காதல் கதை என்பது முடிவாகிவிட்டது. ஐந்து வாரம் இருக்கிறது. கையில் 300 வெள்ளி (ரிங்கிட்). கேமரா என்றால் ஒருத்தனுடைய கைப்பேசிதான். நடிக்கத் தெரிந்தவர்கள் இரண்டே பேர்.

"அண்ணே, எந்தப் படத்தப் பாத்து எடுக்கலாம்? ஏழு படம் எழுதி வெச்சிருக்கோம். நீங்களே ஒண்ணச் சொல்லுங்க," என்று இயக்கப் போகிற தங்கச்சி கைப்பேசியை என் பக்கம் திருப்பினாள்.

அலைபாயுதே, விண்ணைத்தாண்டி வருவாயா, 96, பிஃபோர் சன்ரைஸ், இன் த மூட் ஃபார் லவ், தி லஞ்ச்பாக்ஸ், செப்பெட். நல்ல பட்டியல். எனக்கு இருபது வயதில் இதில் பாதிகூடத் தெரியாது.

நான் கல்யாண வீடியோ எடுத்துப் பிழைப்பவன், சினிமாக்காரன் இல்லை. ஆனாலும் அந்தக் கேள்வியைத் தப்பென்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. "சொந்தமா யோசிங்க" என்று சொல்லிவிட்டுத் தே தாரிக்குக்குக் காசு கொடுத்து எழுந்து போவது சுலபம். படம் பார்த்துத்தானே எல்லாருக்கும் படமெடுக்கும் ஆசை வருகிறது. 2018-இல் வந்த 96 படத்தின் உயிரே, 1991-இல் வந்த தளபதியின் 'யமுனை ஆற்றிலே' பாட்டுதான். பள்ளியில் ராம் எத்தனை முறை கேட்டும் ஜானு பாடாத பாட்டு. செப்பெட்டில் காதல் தொடங்குகிற இடமே திருட்டு விசிடி விற்கும் கடை. படம் தேடி வருகிற பெண், படம் விற்கிற பையன். அதனால் எடுக்கலாமா கூடாதா என்ற பேச்சை அங்கேயே விட்டுவிட்டோம். எதை எடுத்தால் 300 வெள்ளிக்குள் அடங்கும், எதை எடுத்தால் காலை வாரும் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தோம்.

காட்சியை அப்படியே திருப்பி எடுப்பது

இதை முதலிலேயே கழித்துவிடலாம். கழிப்பதற்கு முன் என் கதையைச் சொல்ல வேண்டும்.

விண்ணைத்தாண்டி வருவாயா 2010-இல் வந்தது. மறு வருடம் நானும் கூட்டாளிகளும் ஒரு குறும்படம் எடுத்தோம். கதாநாயகனுக்கு இயக்குநர் ஆகும் ஆசை, கதாநாயகி வேற்று மதம், கேட்டுக்கு வெளியே நின்று அவளைப் பார்ப்பது என்று எல்லாமே அங்கிருந்து வந்தவை. எங்கள் சித்தி வீட்டுக் கேட்டுதான் ஜெஸ்ஸி வீட்டுக் கேட்டு. உள்ளே சித்தப்பாவின் பழைய கஞ்சில் கார் நிற்கும், கொடியில் பள்ளிச் சீருடை காயும். படத்தில் விழக்கூடாது என்று கொடியை அவிழ்த்தோம். காரை நாலு பேர் சேர்ந்து தெருவுக்குத் தள்ளினோம். சுவரைத் துடைத்தோம். கோயில் மண்டபத்தில் திரையிட்டபோது, பையன் உடைந்து அழுகிற இடத்தில் கூட்டமே சிரித்தது. எங்கள் பையன் நன்றாகத்தான் அழுதான். அவர்கள் பார்த்துக்கொண்டிருந்தது அவனை அல்ல, அங்கே இல்லாத சிம்புவை.

முடிந்த பிறகு ஒரு பெரியவர் கிட்டே வந்து, "தம்பி, அந்தப் பொண்ணு எந்தத் தோட்டம்?" என்று கேட்டார். கிண்டல் செய்யவில்லை, நிஜமாகவே கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. அவள் எங்கே பஸ் ஏறுகிறாள், அவள் அப்பாவுக்கு என்ன வேலை, வீட்டில் எத்தனை பேர் என்று நாங்கள் யோசித்ததே கிடையாது. படமாக வேண்டியதெல்லாம் அந்தக் கொடியிலும் கஞ்சிலிலும் இருந்தது. அதைத்தான் நாங்கள் வெளியே தள்ளிவிட்டிருந்தோம்.

இந்தப் பிள்ளைகளுக்கு அலைபாயுதே ரயில் காட்சியின் மேல் ஒரு கண். எங்கள் ஊரிலும் ரயில் நிலையம் இருக்கிறது, மின்ரயில் ஓடுகிறது. ஆனால் நடைமேடையில் படம் பிடிக்க முறைப்படி அனுமதி வாங்க வேண்டும். வாங்கினாலும் ரயில் இரண்டாவது டேக் கொடுக்காது. பின்னணியில் ரகுமான் பாட்டைப் போடலாம் என்றால் அதற்குத் தனி உரிமை வேண்டும். வகுப்பறையில் காட்டும்வரை யாரும் கேட்கப் போவதில்லை என்று ஒருத்தன் சொன்னான். யூடியூபில் ஏற்றிய மறு நிமிடம் கேட்பார்கள் என்று நான் சொன்னேன்.

பயிற்சிக்கு என்றால் மட்டும் இதைச் செய்யலாம். பிடித்த காட்சி ஒன்றை எடுத்து, கேமரா எங்கே நின்றது, எப்போது நகர்ந்தது என்று கணக்கெடுத்து, ஒரு மத்தியானம் முழுக்க அதே மாதிரி எடுத்துப் பாருங்கள். பிறகு அழித்துவிடுங்கள். ஓவியம் பழகுகிறவன் பழைய ஓவியத்தைப் பார்த்து வரைவதுபோல, கை பழகும். அதைக் கொண்டுபோய் மண்டபத்தில் போடாதீர்கள்.

எலும்பை எடுப்பது: ஒரு இரவு, இரண்டு பேர்

பட்டியலில் பிஃபோர் சன்ரைஸும் 96-உம் பக்கத்துப் பக்கத்தில் இருந்தது தற்செயலில்லை. 1995-இல் ரிச்சர்ட் லிங்க்லேட்டர் எடுத்த படத்தில் ரயிலில் சந்தித்த இருவர் வியன்னாவில் இறங்கி விடியும்வரை நடக்கிறார்கள். பிரேம்குமாரின் 96-இல் இருபத்திரண்டு வருடம் கழித்துச் சந்திக்கிற இருவருக்கு, அவள் சிங்கப்பூர் விமானம் ஏறும்வரைதான் நேரம். இரண்டிலும் எலும்பு ஒன்றுதான். சந்திப்பு, ஓர் இரவு, கையில் மணி பார்த்துக்கொண்டே வருகிற பிரிவு. சதை முற்றிலும் வேறு.

எலும்பை எடுப்பதில் சட்டச் சிக்கல் கிடையாது. மலேசியாவின் பதிப்புரிமைச் சட்டம் 1987, பிரிவு 7(2A), வெறும் எண்ணத்துக்குப் பதிப்புரிமை இல்லை என்று தெளிவாகவே சொல்கிறது. 'இரண்டு பேர் ஓர் இரவு முழுக்கப் பேசுகிறார்கள்' என்பது யாருடைய சொத்தும் அல்ல. அவர்கள் பேசுகிற வசனமும், அதை எடுத்த விதமும், பின்னால் ஓடுகிற இசையும்தான் சொத்து.

இரண்டு நடிகர், செட் வேண்டாம், தெருவே போதும். பிள்ளைகளுக்கு இதுதான் மலிவு என்று தோன்றியது. எனக்கென்னவோ பட்டியலிலேயே விலை கூடியது இதுதான் என்று பட்டது.

முதலில் பேச்சு. வியன்னாவில் அந்த இருவரும் டிராம் வண்டியில் உட்கார்ந்து வெட்டே இல்லாமல் நிமிடக்கணக்கில் பேசுகிற காட்சி ஒன்று உண்டு. அது சும்மா பேசுவதுபோல இருக்கும். ஈதன் ஹாக்கும் ஜூலி டெல்பியும் ஒத்திகை பார்த்து ஒத்திகை பார்த்துச் செய்தது. நம் பிள்ளைகள் இரண்டாவது வரியிலேயே சிரித்துவிடுகிறார்கள். அடுத்தது ஒலி. பேச்சுப் படம் என்றால் ஒவ்வொரு வார்த்தையும் கேட்க வேண்டும். பெரிய சாலை லோரிகள், சைலன்சர் கழற்றிய மோட்டார்கள், லயத்து நாய்கள் எல்லாம் கைப்பேசி மைக்கில் கதாநாயகியைவிடச் சத்தமாகப் பேசும். சட்டையில் குத்துகிற மைக் இரண்டு வாங்கினால் 300-இல் பாதி போய்விடும். அதற்கும் மேல், 96-இல் அந்த இரவு கனப்பதற்குக் காரணம், அதற்கு முன் தஞ்சாவூர்ப் பள்ளிக்கூடத்தில் நாம் அவர்களோடு உட்கார்ந்திருந்த நேரம். இரண்டரை மணி நேரத்துக்கு மேல் ஓடுகிற படம் அது. பத்து நிமிடத்தில் யார் பிரிந்தால் நமக்கென்ன?

கடைசியாக ஊர். வியன்னாவில் அவர்களை யாருக்கும் தெரியாது. சுங்கை சிப்புட்டில் இரவு பதினோரு மணிக்கு ஒரு பையனும் பொண்ணும் நடந்து போனால், பத்து நிமிடத்துக்குள் யாராவது ஒரு மாமா மோட்டாரை நிறுத்தி, "நீ வேலு மகதானே? இன்னும் வீட்டுக்குப் போவலயா?" என்பார். விடியும்முன் அம்மாவுக்குச் செய்தி போய்விடும்.

இதைச் சொல்லும்போதே எழுதுகிற பையன் நிமிர்ந்து உட்கார்ந்தான். "அண்ணே, அதையே எடுத்தா? பேசவே விடமாட்டாங்க. ஒவ்வொரு தடவ வாயத் தொறக்கும்போதும் ஒரு மாமா வர்றாரு." நல்ல யோசனை. அந்த எலும்பைத் தோட்டத்து ஊரில் எடுத்தால் அது சிரிப்புப் படமாகத்தான் வரும், நன்றாகவும் வரும். ஒன்பது மாமாக்களைக் கூட்டிவருவதில்தான் சிக்கல். அப்போதைக்கு இதற்கு இரண்டாம் இடம் கொடுத்து வைத்தோம்.

பக்கத்து ஊர்ப் படங்கள்

செப்பெட்டை 'நம்ம ஊர்ப் படம்' என்றே தங்கச்சி எழுதியிருந்தாள். தப்பில்லை. யாஸ்மின் அஹ்மாட் அதை எடுத்தது இங்கிருந்து கொஞ்ச தூரத்தில் இருக்கிற ஈப்போவில். 2009-இல் காலமாவதற்கு முன் அவர் எடுத்த கடைசி முழுநீளப் படம் டேலன்டைம். அதில் காது கேளாத மகேஷ் என்ற பையனுக்கும் மெலூர் என்ற பெண்ணுக்கும் இடையிலான காதல் வருகிறது.

இந்தப் படங்களிலிருந்து எடுக்க வேண்டியது பேச்சு. மனிதர்கள் வீட்டில் எந்த மொழியைப் பேசுவார்களோ அதையே பேசுகிறார்கள். ஒரே வாக்கியத்தில் இரண்டு மொழி கலந்தாலும் யாரும் மன்னிப்புக் கேட்பதில்லை. நம் பிள்ளைகள் எழுதிக் கொண்டுவந்த முதல் பக்கத்தில் கதாநாயகன், "மச்சி, செம ஃபீலிங்டா" என்கிறான். அதை எழுதியவன் பக்கத்தில் இருந்தவனிடம், "டேய், தாப்பாவ் பண்ணிட்டு வா லா, அம்மாவுக்கு ரெண்டு ரொட்டி" என்று சொல்லிக்கொண்டிருந்தான். இரண்டாவது வசனத்துக்குத்தான் உயிர் இருக்கிறது.

எடுக்கக் கூடாதது கதை. வேற்று இனக் காதல், வீட்டார் எதிர்ப்பு, கடைசியில் மனம் மாறுவது எல்லாம் பத்து நிமிடத்துக்குள் போனால் போஸ்டர் ஆகிவிடும். யாஸ்மினுக்குக் கனிவு வந்தது, ஒவ்வொரு அம்மாவுக்கும் அப்பாவுக்கும் அவர் நேரம் கொடுத்ததால்.

காதல் படம் இல்லையென்றாலும் தீபக் குமாரன் மேனனின் செம்மண் சாலையையும் (2005) சஞ்சய் குமார் பெருமாளின் ஜகாட்டையும் (2015) பார்க்கச் சொன்னேன். தோட்டத்து வாழ்க்கையையும் தோட்டத்தை விட்டு வந்தவர்களையும் நம் ஆட்கள் திரையில் எப்படிக் கொண்டுவந்தார்கள் என்று தெரிந்துகொள்ள அவை போதும்.

காட்ட மறுப்பதை எடுப்பது

பட்டியலில் மிச்சம் இரண்டு. வோங் கார்-வாயின் இன் த மூட் ஃபார் லவ் (2000), ரித்தேஷ் பத்ராவின் தி லஞ்ச்பாக்ஸ் (2013). நானாக இன்னும் இரண்டைச் சேர்த்தேன். அகத்தியனின் காதல் கோட்டை (1996), கௌதம் மேனனின் கார்த்திக் டயல் செய்த எண் (2020). அன்று இரவு நாங்கள் அதிக நேரம் பேசியது இந்த நாலைப் பற்றித்தான்.

1962-ஆம் வருட ஹாங்காங்கில் அடுத்தடுத்த வீடுகளில் இரண்டு குடும்பங்கள் குடியேறுகின்றன. இவனுடைய மனைவிக்கும் அவளுடைய கணவனுக்கும் தொடர்பு. தனித்து விடப்பட்ட இருவர் ஒருவரையொருவர் தேடிக்கொள்கிறார்கள். அந்தக் கணவன், அந்த மனைவி இருவரின் முகத்தையும் படம் நமக்குக் காட்டுவதே இல்லை. முதுகு தெரியும், குரல் கேட்கும், அவ்வளவுதான். லஞ்ச்பாக்ஸில் மாடிவீட்டு தேஷ்பாண்டே ஆன்ட்டி படம் முழுக்க வெறும் குரல், கயிற்றில் இறங்குகிற ஒரு கூடை. கடிதம் எழுதிக்கொள்கிற இருவர் ஒரு வார்த்தைகூட நேரில் பேசுவதில்லை. காதல் கோட்டையில் பார்க்காமலேயே காதல். கார்த்திக் டயல் செய்த எண் ஊரடங்கு நேரத்தில் கைப்பேசியில் எடுத்த, சுமார் பன்னிரண்டு நிமிடக் குறும்படம். அவன் அவன் வீட்டில், அவள் அவள் வீட்டில். இருவரும் ஒரே சட்டகத்துக்குள் வருவதே இல்லை.

ஒவ்வொன்றும் எதையோ ஒன்றைக் காட்டமாட்டேன் என்று பிடிவாதமாக இருக்கிறது. அந்தப் பிடிவாதத்தை எடுத்துக்கொள்ளுங்கள், கதையை அங்கேயே விட்டுவிடுங்கள் என்பதுதான் என் ஓட்டு. இதில் பணமும் மிச்சமாகிறது. முகம் காட்டாத கணவனுக்கு நடிகர் வேண்டாம், குரலுக்கு ஆள் இருந்தால் போதும். மாடி ஆன்ட்டியை நம் வீட்டு அடுக்களையிலேயே பதிவு செய்துவிடலாம். இருவரும் சேர்ந்து வராத படத்தை, இரண்டு பேருக்கும் வேறு வேறு நாளில் நேரம் கிடைத்தாலும் எடுக்கலாம். பெரிய படக்காரர்கள் கலைக்காகச் செய்ததை நாம் கைச்செலவுக்காகச் செய்தாலும் பார்க்கிறவனுக்கு வித்தியாசம் தெரியாது. காட்டாததை அவனே மனதில் வரைந்துகொள்கிறான். அவன் வரைகிற அப்பா, நாம் கூட்டிவருகிற எந்த மாமாவையும்விட நன்றாக நடிப்பார்.

இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது. கேமரா பிடிக்கிற பையன் இன் த மூட் ஃபார் லவ் பார்த்த மறு நாளே கடைக்குப் போய்ச் சிவப்புக் கண்ணாடித்தாள் வாங்கிவிட்டான், விளக்குக்கு மேல் ஒட்ட. மெதுவாக நடக்கிற காட்சி, சுவரில் சாய்ந்த நிழல், சிகரெட் புகை என்று ஒரு பட்டியலும் வைத்திருந்தான். இது முதல் வழியேதான், மாறுவேடத்தில் வந்திருக்கிறது. அந்தச் சிவப்பு அந்தக் கதைக்குச் சொந்தம். நம் லயத்து வீட்டில் இருப்பது கலிமந்தாங் (குழல்) விளக்கு. அதன் வெளுத்த வெளிச்சத்திலேயே எடுக்கலாம். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் கைப்பேசியின் ஷட்டரை 1/50-இல் நிறுத்தினால் திரையில் கோடு ஓடாது. கல்யாண மண்டபங்களில் நான் பட்டுத் தெரிந்துகொண்டது இது.

சரி, நாம் எதைக் காட்டாமல் விடுவது? மேசையில் யோசனைகள் விழுந்தன. அப்பா வரவே மாட்டார், அவருடைய மோட்டார் சத்தம் மட்டும் வரும். பொண்ணு முகம் தெரியாது, வாசலில் அவள் செருப்பு மட்டும். வாட்ஸ்அப்பில் என்ன எழுதினார்கள் என்று காட்டமாட்டோம், நீல டிக் மட்டும். எல்லாம் சுமார்தான். செருப்பு எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் மறுப்பு என்று ஒன்றிருந்தால் அதற்குள் ஒரு காரணம் இருக்க வேண்டும். ஹாங்காங் படத்தில் முகம் காட்டாததற்குக் காரணம் அந்த இருவரின் வலியில் இருக்கிறது. நம் செருப்புக்கு என்ன காரணம்? ஒருவருக்கும் தெரியவில்லை.

லயத்துத் தங்கச்சி அதுவரை மீ கோரெங்கில் இருந்த தவுகேயை (முளைப்பயறை) ஓரமாக ஒதுக்கிக்கொண்டிருந்தாள். அப்போதுதான் வாயைத் திறந்தாள். "எங்க பாட்டி தாத்தாவ மொதல்ல மூஞ்சியே பாக்கல அண்ணே. வெளக்கத்தான் பாத்துச்சாம்."

பாட்டியிடம் கேட்பது

படமே பார்க்க வேண்டாம், வீட்டுப் பெரியவர்களிடம் கதை கேள் என்பது இன்னொரு வழி. ஆசிரியர்களுக்குப் பிடித்த வழியும்கூட. அதற்கு ஒரு ஞாயிறு போதும், காசு வேண்டாம். நாங்களும் போனோம். செம்பனைக்கு நடுவே நாலு வரிசை லயம், பாதி வீடு காலி. எங்கள் ஊர்ப் பெயர் வரலாற்றுப் புத்தகத்தில் ஏறியது 1948 ஜூன் 16-இல் இங்கே தோட்டத் துரைமார்களைச் சுட்டுக் கொன்றதனாலும், அதையொட்டி நாட்டில் அவசரகாலம் வந்ததனாலும். காதலுக்காக இந்த ஊரை எந்தப் புத்தகமும் குறிப்பிட்டதில்லை. பெயரைத் தமிழில் சொன்னால் நத்தையாறு. அதற்கேற்ற வேகத்தில்தான் பாட்டியும் கதை சொன்னார்.

அப்போது இங்கே எல்லாம் பால்மரம், அதாவது ரப்பர். இருட்டோடு பெரட்டுக்குப் போய்ப் பேர் கொடுத்துவிட்டு நிரைக்கு, தனக்கென்று பிரித்துக் கொடுத்த மர வரிசைக்கு, போக வேண்டும். குளிர்ச்சி இருக்கும்போது வெட்டினால்தான் பால் நன்றாக ஓடும், வெயில் ஏறினால் குறைந்துவிடும். நெற்றியில் கார்பைட் விளக்கு. பாட்டியின் நிரைக்குப் பக்கத்து நிரையில் புதிதாக ஓர் ஆள் வந்திருந்தார். பேர் தெரியாது, முகம் தெரியாது. மரத்துக்கு மரம் நகர்கிற ஒரு வெளிச்சம்தான். இவர் வேகமாக வெட்டினால் அதுவும் வேகமாக வரும், இவர் நின்றால் நிற்கும். மழை பெய்தால் மரம் ஈரம், அன்றைக்கு வெட்டு இல்லை. "தகரத்துல மழ விழுந்தா எல்லாருக்கும் சந்தோசம், தூங்கலாம்னு. எனக்கு மட்டும் வவுறு எரியும்," என்றார் பாட்டி.

பிள்ளைகள் நாலு பேரும் சத்தமே இல்லாமல் இருந்தார்கள். இதுதான் படம் என்று எல்லாருக்கும் தெரிந்துவிட்டது.

இந்த இடத்தில் நான் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். இதே கதையை 2011-இல் யாராவது எனக்குச் சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பேன்? பாட்டியை நாற்காலியில் உட்கார வைத்து, "அந்தக் காலத்துல..." என்று தொடங்கி, திரையை மஞ்சளாக்கி, தாவணி போட்ட ஒரு பெண்ணை மரங்களுக்கு நடுவே ஓடவிட்டு, புல்லாங்குழல் போட்டிருப்பேன். படம் பார்க்காமல் நேராகக் கதைக்குப் போகிறவனுக்கும் கண்ணுக்குள் ஏற்கெனவே ஒரு படம் இருக்கிறது. பெரும்பாலும் அது தொலைக்காட்சித் தொடர்தான். கதை கிடைத்ததும் எழுதுகிற பையனும் அதைத்தான் செய்யப் பார்த்தான். "அப்புறம் விடிஞ்சதும் ரெண்டு பேரும் மொகத்தப் பாக்குறாங்க, குளோசப்," என்றான். இயக்குகிற தங்கச்சிதான் தடுத்தாள். "முகம் வேணாம்டா. கடைசிவரைக்கும் வெளக்கு மட்டும்." லஞ்ச்பாக்ஸும் ஹாங்காங் படமும் பார்க்காமல் அந்த வார்த்தை அவளுக்கு வந்திருக்காது. கதையைப் பாட்டி கொடுத்தார், மூடி வைக்கிற துணிச்சலை அந்தப் படங்கள் கொடுத்தன. ஒன்பது மாமாக்களை அடுத்த வருடத்துக்கு ஒத்திவைத்தோம்.

கணக்கும் ஒத்துவந்தது. வசனம் கிட்டத்தட்ட இல்லை, அதனால் மைக் வேண்டாம். தகரத்தில் மழை, பால் வாளியின் பிடி, பூச்சிச் சத்தம் இந்த மூன்றையும் தனியாகப் பதிவு செய்தால் போதும். முகம் தெரியப்போவதில்லை, அதனால் ஒப்பனை இல்லை, நடிப்பு வராது என்ற பயமும் இல்லை. மரம்தான் பிரச்சினை. தோட்டம் முழுக்க இப்போது செம்பனை. முதிர்ந்த செம்பனைக்கு அடியில் பகலிலேயே இருட்டு. குலை வெட்டுகிறவர்கள் வெளிச்சம் வந்த பிறகுதான் இறங்குவார்கள், தலைவிளக்குக்கு வேலை இல்லை. தெரிந்த ஒருவருடைய சிறு கித்தா (ரப்பர்) தோட்டம் கொஞ்சம் தள்ளி இருந்தது. மூன்று விடியற்காலை மட்டும் என்று கேட்டு வாங்கினோம். பாம்புக்குப் பயந்து பூட்ஸ், கொசுவுக்குச் சுருள், இரண்டு தலைவிளக்கு, பெட்ரோல், நாசி லெமாக் எல்லாம் சேர்த்து 200 வெள்ளியைத் தாண்டவில்லை. கேமராக்காரனின் சிவப்புத் தாளை மாற்றி மஞ்சள் தாள் வாங்கச் சொன்னேன், எல்இடி வெளிச்சம் வெள்ளையாக அடிக்கும் என்பதால். அவனுக்கு அதில் ஒரு சந்தோஷம்.

நேரம் பற்றி ஒரு சின்ன வாக்குவாதம் வந்தது. ஆறேகால் மணிக்கெல்லாம் கிழக்கு வெளுக்கும் என்று பாட்டி அடித்துச் சொன்னார். பிள்ளைகள் கைப்பேசியைக் காட்டி, ஆறேகாலுக்குக் கும்மிருட்டு, ஏழையொட்டித்தான் சூரியன் என்றார்கள். இருவரும் சொன்னது சரி. 1982 ஜனவரியில் தீபகற்பத்துக் கடிகாரங்களை அரை மணி நேரம் முன்னே தள்ளிவிட்டார்கள். பாட்டியின் காதல் பழைய மணியில் நடந்தது. நமக்கு இதனால் லாபம். ஐந்தரைக்குப் போனால் ஒரு மணி நேரத்துக்கு மேல் முழு இருட்டு கிடைக்கும்.

முதல் நாள் ஒத்திகையில் கைப்பேசி காலை வாரியது. இருட்டைக் கண்டதும் அதுவாகவே வெளிச்சத்தைக் கூட்டி, காடு முழுக்க மணல் தூவியதுபோல ஆக்கிவிட்டது. ஐஎஸ்ஓவை (கேமராவின் ஒளி உணர்திறனை) கையால் குறைத்துப் பூட்டினோம். கறுப்பு கறுப்பாகவே இருக்கட்டும் என்று விட்டதும் இரண்டு மஞ்சள் புள்ளிகள் மட்டும் மரத்துக்கு மரம் நகர்ந்தன. அழகாகத்தான் இருந்தது. அன்று சாயங்காலமே லயத்துக்குப் போய்ப் பாட்டியிடம் காட்டினார்கள்.

பாட்டி கைப்பேசியைத் தூரமாகப் பிடித்துக்கொண்டு இரண்டு தடவை பார்த்தார். "இது தப்பு," என்றார்.

"என்னா பாட்டி தப்பு?"

"ரெண்டு வெளக்கும் மரத்தயே பாத்துக்கிட்டுப் போவுது. அவரு என்னப் பாப்பாருல்ல? பாத்தா வெளிச்சம் நேரா என் கண்ணுல அடிக்கும். கண்ணு கூசும். அப்படி அடிச்சாத்தான் பாக்குறாருன்னு எனக்குத் தெரியும்."

இயக்குகிற தங்கச்சி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப அவரு பாக்குறப்ப ஒங்களுக்கு ஒண்ணுமே தெரியாதே பாட்டி," என்றாள்.

"ஆமா. ஒண்ணும் தெரியாது."

அவள் ஷாட் பட்டியலை எடுத்து, பன்னிரண்டாவது ஷாட்டை அடித்துவிட்டு, 'விளக்கு கேமராவை நோக்கித் திரும்புகிறது. திரை முழுக்க வெளிச்சம். பத்து விநாடி' என்று எழுதினாள். கேமராக்காரன், "லென்ஸ் கெட்டுப் போவாதா?" என்று கேட்டான். கெட்டுப் போகாது என்று சொல்லி அனுப்பினேன். நாளைக்குக் காலை ஐந்தரைக்குப் போகிறார்கள், மழை இல்லையென்றால்.